'வெளிநாட்டவர் வரி' – ஒரு சொல்லாய்வு

நம் சங்கங்களின் கணக்கறிக்கைகளில் 'வெளிநாட்டவர் வரி' என்றொரு சொல் வழங்கி வருகின்றது. தமிழகத்திலிருந்து பட்டிமன்றப் பேச்சாளரையோ இசைவாணரையோ வரவழைக்கும்போது, அவருக்குரிய தொகையில் அரசாங்கத்திற்குச் சேரவேண்டிய பங்கையே இவ்வாறு குறிக்கின்றனர். சொல் எளியதுதான்; பொருளோ பிழைபட்டது.

1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் ஒருவரது கடவுச்சீட்டை நோக்குவதில்லை. அவர் இந்நாட்டில் தங்கிய நாள்களையே எண்ணுகின்றது. ஓராண்டில் 182 நாள் இங்கிருந்த பிறநாட்டார் வதிவோர் ஆவர். (வேறு சில இணைப்பு விதிகளும் உள, அவை இங்கு வேண்டா.) மலேசியக் குடிமகனே ஆயினும் பல ஆண்டுகளாக அயலில் வாழ்பவர் வதியாதோர் ஆகலாம். நிறுவனமாயின், அதன் கட்டுப்பாடும் நிர்வாகமும் எங்கு நடைபெறுகின்றன என்பதே வினா.

'வெளிநாட்டவர்' என்னும் சொல்லை நம்பிய செயலாளர், இங்கேயே ஆண்டுக்கணக்கில் பணிபுரியும் தமிழகத்துப் பேராசிரியரின் சொற்பொழிவுத் தொகையில் வேண்டாத வரியைப் பிடித்துவிடுவார். சிங்கப்பூரில் குடியேறிவிட்ட நம்மூர்ப் பாடகரிடம் பிடிக்கவேண்டியதைப் பிடியாது விட்டுவிடுவார். இரண்டும் நேரத்தக்கனவே.

வதியாத மேடைக் கலைஞருக்கு இவ்வரி நூற்றுக்குப் பதினைந்து. பேசிய தொகை 10,000 வெள்ளியானால் வரி 1,500. அவர் கையில் சேர்வது 8,500. நுழைவு அனுமதி பெறுமுன்பே இதைச் செலுத்தியாதல் வேண்டும். பிடிக்க மறந்த சங்கம் தன் நிதியிலிருந்தே அதனை ஈடுசெய்ய நேரும். 'வரி' என்று வாளா எழுதினால், பெற்றவர் பின்னர்க் கட்டிக்கொள்வார் என்றே படிப்போர் கொள்வர். மலாயில் இதற்குச் 'சுக்காய் பெகாங்ஙான்' என்று பெயர். பிடித்தலே அதன் உயிர். தோட்டத்துச் சம்பளச் சீட்டில் 'பிடித்தம்' என்ற சொல்லைக் காணாத தொழிலாளி உண்டா? வீட்டிலிருக்கும் சொல்லை விட்டு ஏன் வெளியே தேடினோமோ!

சட்டத்தின் சொல்லாட்சியும் குறையற்றதன்று. மேடைக் கலைஞர் என்னும் பொருள்வரையறைக்குள் சர்க்கஸ் ஆட்டக்காரரையும் விரிவுரையாளரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கின்றனர். நாற்பது மாணவர் நிறைந்த வகுப்பை அறிந்தவர்கள் இதனை மறுக்கமாட்டார்கள் என்பது வேறு செய்தி.

'வதியாதோர் பிடித்தவரி' என்பது என் பரிந்துரை. 'வதிதல்' பழஞ்சொல், எவருக்கும் விளங்காது என்பர் சிலர். 'வதிவிடம்' விளங்குகின்றதே! 'குடியிராதோர்' எனலாமோ என்றால், அது குடியுரிமையை நினைவூட்டி, மீண்டும் அதே கடவுச்சீட்டிடம் நம்மைக் கொண்டுபோய் விடும்.