வியர்வை கேட்கும் பனியன்

பெட்டியைப் பிரித்ததும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி: "ஒரு பனியனுக்கா இவ்வளவு விலை?"

பார்த்தால் ஜிம்முக்குப் போகிறவர்கள் போடும் இறுக்கமான பனியன்தான். உட்புறம் திருப்பினால்தான் சங்கதி தெரியும். நெஞ்சுக்குக் கீழே இரண்டு சாம்பல் நிறப் பட்டைகள், வெள்ளி பூசிய நைலான் நூலில் பின்னியவை. இதயத் துடிப்பின் மின்சாரத்தைத் தோலிலிருந்து வாங்குவது இவைதான். மார்பையும் வயிற்றையும் சுற்றிய வேறு இரண்டு பட்டைகள், அவை விரிந்து சுருங்குவதை வைத்து மூச்சை எண்ணுகின்றன. பிரஸ் பட்டனில் மாட்டும் தீப்பெட்டி அளவுக் கருவி எல்லாவற்றையும் புளூடூத்தில் போனுக்கு அனுப்புகிறது.

முதல் நாள் ஏசி அறையில் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தேன். துடிப்பு 171 என்றது போன். கைநாடியைப் பிடித்து எண்ணினால் 72. ஈசிஜி எடுக்கும்போது ஜெல் தடவுவார்களே, அந்த வேலையை இங்கே வியர்வை செய்தாக வேண்டும். தோல் காய்ந்திருந்தால் மின்தடை ஏறிக் கோடு தாறுமாறாகிவிடும். பட்டைகளில் கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தடவினேன், சரியானது. மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடந்த பிறகு அதுவும் தேவைப்படவில்லை. சென்னைப் புழுக்கம் ஒத்துக்கொள்கிற கருவியை இப்போதுதான் பார்க்கிறேன்.

வேகமாக மாடிப்படி ஏறியபோது கையிலிருந்த வாட்ச் சற்றுத் தாமதித்தே துடிப்பைச் சொன்னது. பனியன் உடனுக்குடன் சொன்னது. ஆனால் அளவு கச்சிதமாக இருக்க வேண்டும். ஒரு சைஸ் பெரியதைப் போட்டுக் குனிந்தால் பட்டை நழுவுகிறது. ஆஸ்பத்திரியில் எடுப்பது 12 லீட் ஈசிஜி, இது காட்டுவது ஒரே ஒரு கோடு. நெஞ்சு வலித்தால் போனைப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

சட்டையே உடலைக் கண்காணிக்கும் யோசனைக்கு வயது சுமார் முப்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த சுந்தரேசன் ஜெயராமன், 1990களில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் தன் குழுவோடு அமெரிக்கக் கடற்படைக்காக ஒரு சட்டை நெய்தார். குண்டு துளைத்தால் துணிக்குள் ஓடும் ஆப்டிகல் இழை அறுபடும். காயம் எங்கே என்று தெரிந்துவிடும். அப்படியிருந்தும் இந்த வகைச் சட்டை இன்னும் நம் அலமாரிக்கு வராததற்குக் காரணம், என்னைக் கேட்டால், சலவைதான்.

ப்ளீச் கூடாது, துணியை மென்மையாக்கும் திரவம் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. துவைக்கிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கல்லில் இரண்டு அடி விழுந்தால் கதை முடிந்தது. எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தும், பன்னிரண்டாவது சலவையில் இடப்பக்கப் பட்டை கறுக்க ஆரம்பித்தது. கொலுசு கறுத்தால் திருநீறு போட்டுத் தேய்க்கலாம். இதைத் தேய்த்தால் வெள்ளியே உதிர்ந்துவிடும்.

ஓட்டப் பயிற்சியில் மூச்சையும் சேர்த்துக் கணக்கெடுப்பவர்கள் வாங்கலாம். துடிப்பு மட்டும் போதுமென்றால் நெஞ்சில் கட்டும் பெல்ட்டே போதும். தினமும் போடுவதாக இருந்தால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று கொடியில் காயும்போது இன்னொன்று வேண்டுமே!