அருளனுபவமும் சமய வரம்பும்: அருட்பாப் பூசலின் உட்கிடை

இராமலிங்க அடிகளையும் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரையும் சார்ந்தார் நிகழ்த்திய அருட்பா மருட்பாப் பூசலை, இருவர்தம் பகையின் விளைவு என்று கூறி அமைவார் உளர். அது பொருந்தாது. ஒருவர்க்கு இறையறிவு நேரே உண்டாயிற்று என்றால் அதற்கு அளவுகோல் யாது என்னும் வினாவே அப்பூசலின் கரு என்க.

1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் அடிகளின் பாடல்களைத் தொகுத்து முதல் நான்கு பகுதிகளை வெளியிட்டார். அத்தொகுப்பு 'திருவருட்பா' என்னும் பெயரும் 'திருமுறை' என்னும் பகுப்பும் கொண்டது. சைவர் பன்னிரு திருமுறைக்கே உரிமையாக்கிய சொல்லை, உடன்வாழும் ஒருவர் பாடலுக்கு இடுதல் தகாது என்பது நாவலர் கொள்கை. பூசல் 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது.

நாவலர் கொள்கையைக் காழ்ப்பு என்று தள்ளுதல் நேர்மையன்று. 'அருள் பெற்றேன்' என எவரும் கூறலாம். கேட்போர் அதனை எங்ஙனம் தெளிவர்? வழிவழி வந்த நூலும் ஆசிரிய மரபுமே மெய்யையும் போலியையும் பிரிக்கும் என அவர் கருதினார். சமயம் ஓர் அமைப்பாக நிலைபெற இத்தகைய வரம்பு வேண்டற்பாலதே.

ஆயின், ஈண்டு ஒன்று கருதத்தக்கது. முதலில் வெளிவந்த பகுதிகளிற் பெரும்பாலன ஒற்றியூர், தில்லை முதலிய தலங்களைப் பரவும் பத்திப் பாடல்கள். சைவ மரபுக்கு அயலானவை அல்ல. சாதி சமய வரம்புகளை வெளிப்படையாக விலக்கும் பாடல்கள் மிக்க ஆறாம் திருமுறை 1885-இலேயே அச்சேறியது. அடிகள் 1874-இல் சித்திவளாகத்துள் மறைந்தார். நாவலர் 1879-இல் மறைந்தார். எனவே, நாவலர் எதிர்த்த நூல் வேறு. அவர் கொள்கை உண்மையில் எதிர்கொள்ள வேண்டியிருந்த நூல் வேறு.

1873-இல் நிகழ்த்திய பேருபதேசத்தில், தாம் முன்னர்ச் சைவத்தில் கொண்டிருந்த அளவிறந்த பற்று நீங்கியதை அடிகளே உரைத்தார். இதுகொண்டு அவர் அமைப்பு அனைத்தையும் வெறுத்தார் என முடிவு கட்டுதல் பிழை. 1865-இல் சங்கமும், 1867-இல் வடலூரில் தருமசாலையும், 1872-இல் சத்திய ஞானசபையும் கண்டவர் அவர். அமைப்பை அவர் விலக்கவில்லை. அனுபவத்துக்குச் சான்று கூறும் உரிமையை அமைப்பினிடம் விடுத்திலர் என்பதே உண்மை.

அங்ஙனமாயின் நாவலர் வினாவுக்கு விடை யாது? அடிகளின் சீவகாருணிய ஒழுக்கம் அதனைத் தருகிறது. உயிர்களின் பசி கண்டு உருகி, அதனைப் போக்க முயல்வார்க்கன்றி அருள் விளங்காது என்பது அவர் துணிபு. இவ்வளவுகோல் நூலுக்குள் அடங்குவது அன்று. ஆயினும் ஒருவர் தம் உள்ளத்துள் மறைத்துக்கொள்ளக் கூடியதும் அன்று. பசித்தார்க்குச் சோறு கிடைத்ததா என்பதைப் பிறரும் காண்பர். தருமசாலை அருளனுபவத்துக்குப் புறம்பான அறச்செயல் அன்று, அதன் சான்றே என யாம் கொள்வது இதனால்.

இவ்விடை முற்றும் போதியதோ எனின், ஐயத்துக்கு இடமுண்டு. அருளனுபவம் இல்லாதாரும் ஈகையுடையராதல் கூடும். ஆகலின் ஈகை ஒன்றே அருளை நாட்டிவிடாது. ஆனால், இரக்கம் இல்லாத இடத்து அருள் உண்டு என்னும் கூற்றை இது உறுதியாக மறுக்கும். போலியை விலக்குதலே நாவலர் வேண்டியது. அவ்வளவில் இருவரும் ஒரே கவலை உடையவர் ஆவர். இப்பூசலை ஆராயப் புகுவார், திருமுறைகள் அச்சேறிய முறையையும் பாடல்கள் பிறந்த முறையையும் வேறு பிரித்து நோக்குதல் இன்றியமையாதது.