விரல் மறப்பதற்குள்

'ஃபுளோரன்ஸ்' கேமில் நாம் செய்கிற முதல் காரியம் அலாரத்தை அணைப்பது. அடுத்தது பல் தேய்ப்பது. விரலைத் திரையில் இடமும் வலமுமாக இழுத்தால் பிரஷ் நகர்கிறது. ஃபுளோரன்ஸ் யோ என்கிற அந்த 25 வயதுப் பெண் வேலைக்குப் போகும் வழியில், போனில் வருகிற படங்களுக்கெல்லாம் அவளுக்காக நாம் லைக் போட வேண்டும். அலுவலகத்தில் எண்கள் குவிந்து கிடக்கும். ஒரே மாதிரி எண்களைத் தொட்டுத் தொட்டு ஜோடி சேர்க்க வேண்டும். நடுவில் அம்மாவின் போன், அதற்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை, தோற்றுப்போக வழியே இல்லை. அலுப்பாக இருக்கிறதா? இருக்கத்தான் வேண்டும். அவளுக்கும் அப்படித்தான் இருக்கிறது. அலுப்பைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல், அதை நம் விரல் நுனிக்குச் சில நிமிடங்களில் கடத்திவிடுகிறார்கள்.

2018 காதலர் தினத்தன்று வெளியான கேம் இது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 'மவுன்டன்ஸ்' என்ற சிறு குழு செய்தது. முன்னின்று செய்தவர் கென் வாங். தொடக்கம் முதல் முடிவுவரை முக்கால் மணி நேரம்கூட ஆகாது. செலோ வாசிக்கிற கிரிஷ் ஹேம்ராஜானி என்ற இந்திய வம்சாவளி இளைஞனின் இசை ஃபுளோரன்ஸை இழுக்கிறது. காதலிக்கிறார்கள், ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், பிரிகிறார்கள். கதையைப் போட்டு உடைத்துவிட்டேனே என்று கோபிக்க வேண்டாம். இதன் ருசி கதையில் இல்லை.

முதல் சந்திப்புக்கு வருவோம். இருவரும் பேச வேண்டும். பேச்சு என்பது இங்கே ஒரு ஜிக்ஸா. ஃபுளோரன்ஸின் தலைக்கு மேல் ஒரு பேச்சுக் குமிழி, கீழே அதன் துண்டுகள் சிதறிக் கிடக்கும். வளைவு வளைவான அந்தத் துண்டுகளைப் பொருத்தினால்தான் அவள் வாய் திறப்பாள். முதலில் துண்டுகள் நிறைய. எதை எங்கே வைப்பது என்று ஒரு கணம் தயங்குகிறோம். அந்தத் தயக்கம் புது ஆளிடம் பேச்சுக் கொடுப்பவளின் தயக்கமாகவே ஆகிவிடுகிறது. பேச்சு வளர வளரத் துண்டுகளின் எண்ணிக்கை குறைகிறது. கடைசியில் எடுத்து வைத்தால் முடிந்தது என்கிற அளவுக்கு எளிதாகிறது. குமிழிக்குள் ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நமக்குக் கடைசிவரை தெரியாது. பேச எவ்வளவு எளிதாக இருந்தது என்பது மட்டும் தெரியும். காதல் முளைக்கும் நேரத்தில் எது முக்கியமோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். வசனம் எழுதியிருந்தால் இதில் பாதி நயம்கூட வந்திருக்காது.

பிறகு சண்டை. அதே குமிழி, அதே துண்டுகள். ஆனால் வளைவெல்லாம் போய், ஓரங்கள் கூராகி, கண்ணாடிச் சில்லுபோல் வந்து விழுகின்றன. யோசிக்க இடம் தராமல் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. விரல் தானாக வேகம் எடுக்கிறது. பொருத்தியாக வேண்டும், அவனுக்கு முன்னால் பொருத்தியாக வேண்டும் என்கிற வெறி ஏறுகிறது. எதற்காக இந்தச் சண்டை, யார் பக்கம் நியாயம் என்று எதுவும் தெரியாது. முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் குறி. வீட்டுச் சண்டைகளின் இலக்கணத்தை இதைவிடச் சிக்கனமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் புதிதாக ஒரு பொத்தானைக்கூட நாம் கற்றுக்கொள்ளவில்லை. முதல் சந்திப்பில் பழகிய அதே அசைவுதான்.

சிறிய கேம்களை நான் கொண்டாடுவதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. நாற்பது மணி நேரம் ஓடுகிற கேமில் முதல் நாள் விரல் கற்றது ஐந்தாம் வாரம் வெறும் பழக்கமாகியிருக்கும். அதற்கு ஓர் அர்த்தம் இருந்ததே நினைவில் இராது. ஒரே உட்காரலில் முடிகிற கேமில் விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அரை மணிக்கு முன் அந்தத் துண்டுகள் வழவழப்பாக இருந்தன என்பதை அது மறக்கவில்லை. அது மறப்பதற்குள் அர்த்தத்தை மாற்றிவிடலாம். சுருக்கம் இங்கே குறை அல்ல, கருவி.

வீட்டுக்குள் சாமான் அடுக்கும் காட்சியும் இப்படித்தான். கிரிஷ் குடிவருகிறான். அலமாரியில் இருக்கிற இடம் கொஞ்சம். அவனுடைய பொருளை வைக்க வேண்டுமானால் அவளுடையதில் எதையாவது எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். எதை எடுப்பது என்று நாம்தான் தீர்மானிக்கிறோம். அப்போது அது உற்சாகமான வேலை. பிற்பாடு அவன் போகிறபோது அதே அலமாரி வருகிறது, அதே இழுத்து வைக்கும் அசைவு. இந்த முறை அவனுடையதை எடுத்து அட்டைப்பெட்டியில் போட வேண்டும். எங்கே எதை வைத்தோம் என்று நமக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் வைத்தது நம் கை. கெவின் பென்கினின் இசையில் அவளுக்குப் பியானோ, அவனுக்குச் செலோ. செலோ எப்போது இருக்கிறது, எப்போது இல்லை என்று காது தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டே இருக்கிறது. 2019-இல் சிறந்த மொபைல் கேமுக்கான பாஃப்டா விருது 'ஃபுளோரன்ஸு'க்குக் கிடைத்தது.

கென் வாங் இதற்கு முன்னால் 'மான்யுமென்ட் வேலி'யின் (2014) தலைமை வடிவமைப்பாளர். பத்தே அத்தியாயங்கள் கொண்ட அந்த அழகான புதிர் விளையாட்டைப் பற்றி அன்று எழுந்த பெரிய புகார், இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறதே என்பது. சரி என்று அதே ஆண்டு கூடுதல் அத்தியாயங்களைச் சுமார் 2 டாலர் விலைக்கு வெளியிட்டார்கள். அதற்கும் காசா என்று சிலர் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் தள்ளினார்கள். மணி நேரத்தை ரூபாயால் வகுத்துப் பார்க்கும் இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டதே இல்லை. சிறுகதைத் தொகுப்பை எடை போட்டா வாங்குகிறோம்?

சிறிய கேம்களில் விரலுக்கு ஆகப் பெரிய வேலை கொடுத்தது என்று நான் நினைப்பது 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபிஞ்ச்' (2017). அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்க்கஸ் தீவு. அங்கே ஒரு விசித்திரமான பழைய வீடு. அதில் வாழ்ந்த குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்பது கதை. இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூடலாம். ஒவ்வொரு மரணமும் வேறொரு விளையாட்டு முறை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு லூயிஸின் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

லூயிஸ் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறான். சால்மன் மீன் ஒவ்வொன்றாக வந்து விழுகிறது. கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கை நகர்த்தினால் அவன் கை நகர்கிறது: மீனை எடு, கத்திக்கு அடியில் கொண்டுபோ, தலை துண்டாகட்டும், உடலைப் பட்டையின் மேல் எறி. அடுத்த மீன். இதிலே ஐந்தாறு மீன் போனதும் கை பழகிவிடுகிறது. அப்போது திரையின் ஒரு மூலையில் அவனுடைய கற்பனை முளைக்கிறது. ஓர் எளிய சின்ன உலகம், அதில் நடக்கும் ஒரு குட்டி உருவம். அந்த உருவத்தை இடது ஸ்டிக்கால் நடத்த வேண்டும். வலது கை நிறுத்தக் கூடாது. மீன் வந்துகொண்டே இருக்கிறது.

பூக்கட்டுகிறவர்களைப் பார்த்திருப்போம்: விரல்கள் பாட்டுக்கு நாரை முடிந்துகொண்டிருக்கும், ஆள் வேறெங்கோ இருப்பார். அந்த நிலைக்கு நம்மை உண்மையாகவே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். கற்பனை உலகம் பெரிதாகிக்கொண்டே போகிறது. நிறம் கூடுகிறது, ஊர்கள் வருகின்றன, படகு வருகிறது, கூட்டம் ஆரவாரிக்கிறது. ஆலை திரையின் ஓரத்துக்கு ஒதுங்குகிறது. பிறகு ஆலையே காணோம், மீனும் கையும் மட்டும் அந்தரத்தில். கவனித்தால் தெரியும், வலது கை இன்னும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நாம் அதைப் பார்க்கக்கூட இல்லை. பின்னணியில் அவனுடைய மனநல மருத்துவர் எழுதிய கடிதம் வாசிக்கப்படுகிறது. அவன் மனம் எப்படி விலகிப் போயிற்று என்று அவர் அக்கறையோடு விவரிக்கிறார். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே நம் இரண்டு கைகளும் அதைச் செய்துகாட்டிவிட்டன. முடிவில் லூயிஸ் தன் கற்பனை நாட்டில் முடிசூடிக்கொள்ளத் தலை குனிகிறான். அந்த இடத்தில் நிஜத்தில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு நேரமும் வேலை செய்த வலது கைக்குத் தெரியும். படம் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

இதே காட்சியைக் கால் மணி நேரம் நீட்டியிருந்தால் கை வலிக்கும், சலிக்கும், மந்திரம் கலையும். மீனை எண்ணி வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கனம் போதும் என்பவர்களுக்கு 'எ ஷார்ட் ஹைக்' (2019). கனடாக்காரர் ஆடம் ராபின்சன்-யூ, தான் செய்துகொண்டிருந்த பெரிய கேமிலிருந்து ஓய்வாகச் சில மாதங்களில் செய்து முடித்தது. கிளேர் என்கிற குட்டிப் பறவை ஒரு தீவிலுள்ள அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறது. ஒரு முக்கியமான போன் வர வேண்டும். கீழே சிக்னல் இல்லை. மலை உச்சிக்குப் போனால் கிடைக்கும். ஏறு. மொத்த வேலையும் இவ்வளவுதான்.

ஏறுவதற்குத் தங்க இறகுகள் வேண்டும். ஒவ்வோர் இறகுக்கும் ஒரு சிறகடிப்பு கூடுதலாகக் கிடைக்கும், பாறையில் கொஞ்ச நேரம் அதிகமாகத் தொற்றிக்கொண்டிருக்கலாம். இறகு தேடித் தீவெல்லாம் சுற்றுகிறோம். வரைபடம் தருவதில்லை, வழிகாட்டிப் பலகைகள் உண்டு, மற்றதற்கு நம் கண்தான். சிப்பி பொறுக்குகிறோம், மீன் பிடிக்கிறோம், வழியில் பார்க்கிற விலங்குகளோடு வம்பளக்கிறோம். போன் மறந்தே போகிறது. உச்சியை நெருங்கும்போது குளிரில் இறகுகள் உறைய ஆரம்பிக்கும். சேர்த்த பலமெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. மேலே போனதும் போன் அடிக்கிறது. அம்மா. அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மகள் ஏன் அவ்வளவு நேரம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தாள் என்பதற்கு இப்போது வேறொரு காரணம் தெரிகிறது. அவள் பயந்திருக்கிறாள். நாம் ஜாலியாகச் சிப்பி பொறுக்கியது அவளுடைய தள்ளிப்போடல்.

பேசி முடித்ததும் மலையிலிருந்து ஒரு காற்று மேலே எழும்புகிறது. சிறகை விரித்தால் தூக்கிக்கொண்டு போகிறது. முழுத் தீவும் கீழே. இதற்கும் புதுப் பொத்தான் கிடையாது. இரண்டு மணி நேரமாகச் சின்னச் சின்னப் பாறைகளிலிருந்து குதித்துப் பழகிய அதே பறத்தல்தான், உயரம் மட்டும் வேறு. அந்தக் கடற்கரை, அந்த ஓடை, இறகு கிடைத்த கோபுரம் எல்லாம் அடையாளம் தெரிகின்றன. ஒரே மாலையில் நடந்து தெரிந்துகொண்ட இடமாக இருப்பதால்தான் தெரிகின்றன. பெரிய கேம்களில் இதைவிடப் பிரமாண்டமான காட்சிகள் ஆயிரம் உண்டு. அவற்றின் கீழே விரிகிற நிலம் எனக்கு அன்னியமாகவே இருந்திருக்கிறது.

நம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா'. 1980-களில் கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். ஒன்றரை மணி நேரத்துக்குள் முப்பதாண்டு வாழ்க்கை. சில இடங்களில் ஆண்டுகள் ரொம்பவே தாவிப் போகின்றன. பாவலனுக்கு இன்னொரு அத்தியாயம் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் சமையல் வருகிற இடமெல்லாம் கை தேர்ந்தவர்களின் வேலை. வெண்பாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. அழிந்த வரியை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எப்படித் திருப்பி அடுக்குவது என்பது முதல் புதிர். உலகத்துக்குத்தான் அது புதிர், நமக்கா என்று நினைத்துத் தொடங்குகிற தமிழ் ஆண்களில் எத்தனை பேர் முதல் தடவையே சரியாக அடுக்குவார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு கேம் ஆளை மாற்றுகிறது. வளர்ந்துவிட்ட கவின் சமைக்க வருகிறான். அவனுக்குத் தமிழ் சரியாக வாசிக்க வராது. முன்பு தாள் கிழிந்ததால் புரியாமல் போன குறிப்பு, இப்போது முழுதாக இருந்தும் புரியவில்லை. இட்லியும் புட்டும் செய்து பழகிய கை நம்முடையது, தடுமாறுகிற கண் அவனுடையது. வெளிநாட்டுக்காரர் இதை விளையாடும்போது கவினோடு சேர்ந்து அவரும் ஊகிப்பார். தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்த ஏற்பாடு இல்லை. அவர் வெண்பாவின் பக்கத்தில் நின்று, சொல்லித்தர வாய் துடித்தபடி, மகன் தப்புத் தப்பாகப் போடுவதைப் பார்த்துக்கொண்டே அவன் கையால் சமைக்க வேண்டியிருக்கிறது.