ஓடாமல் நின்றவர்

கீழப்பாவூரிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். தக்காளிக் கூடையோடு பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு பைக்கில் போனவரை ஒரு பழைய லோடு ஆட்டோ இடித்துவிட்டது. காலில் பிளேட்.

"டிரைவர் ஓடலை சார். நல்ல மனுசன், அவரே ஆஸ்பத்திரில சேர்த்தார். ஆனா வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லங்கார். நான் யார்ட்ட போய் நிக்க?"

சட்டத்தைப் புரட்டினால் விசித்திரம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 என்று 2022-லிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. மனு கொடுத்தால் போதும், வழக்கு வேண்டாம். இடித்தவர் நின்று பேரைச் சொல்லிவிட்டால் அந்தப் பணம் கிடையாது! தீர்ப்பாயத்தில் கேஸ் போட்டு உரிமையாளரிடம் வசூலிக்க வேண்டும். அவரிடம் இருந்தால்தானே?

உச்ச நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. கோவை எலும்பு டாக்டர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த வழக்கில், புது காருக்கு 3 வருஷம், டூவீலருக்கு 5 வருஷம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே விற்கச் சொன்னது, 2018-ல். அதே வருஷம் இன்னொரு வழக்கில், இன்சூரன்ஸ் இல்லாமல் இடித்த வண்டியை ஈடு வாங்காமல் விடாதே, 3 மாதத்தில் ஏலம் போட்டுத் தீர்ப்பாயத்தில் கட்டு என்றது. நல்ல யோசனை. ஆனால், ஓட்டை லோடு ஆட்டோ ஏலத்தில் என்ன விலை போகும்?

வாசகரின் சொந்த பாலிசி? 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்றால் நசுங்கிய பைக்குக்குக் கிடைக்கும். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச விபத்துக் காப்பு, உயிரோ காலோ போனால்தான். எலும்பு முறிந்தால் இல்லை. ஒரே ஆறுதல், சிகிச்சைச் செலவு. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021-லிருந்து முதல் 48 மணி நேரத்துக்கு. மத்திய அரசு 2025-ல் கொண்டுவந்தது 7 நாள், ஒன்றரை லட்சம் வரை. இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று இரண்டிலும் கேட்பதில்லை. திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 1946-லிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளே சேர்ந்து ஒரு பீரோ நடத்துகின்றன. இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்தாலும் அது முதலில் கொடுத்துவிட்டு, பிறகு இடித்தவரைத் துரத்துகிறது. நம் சட்டத்துக்கும் வேண்டியது அதுதான். துரத்தும் வேலை அரசாங்கத்துக்கு. காலில் பிளேட் வைத்தவருக்கு அல்ல.

எல்லாம் கேட்டுவிட்டு வாசகர் கடைசியாகக் கேட்டார்: "அப்ப, அவரை ஓடிப்போகச் சொல்லிருக்கணுமோ சார்?"

ஓடியிருந்தால் உங்களை யார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள் என்றேன். சட்டத்துக்கு வக்காலத்து வாங்க வேறு பதில் கிடைக்கவில்லை.