சாக்சபோனும் நாகசுரமும்

பினாங்குத் தமிழர்க்குத் துளைக்கருவி என்றவுடன் நினைவுக்கு வருவது நாகசுரம். தைப்பூச வெள்ளி இரத ஊர்வலம் முதல் திருமணம் வரை அதன் ஒலியின்றி மங்கல நிகழ்ச்சி நிறைவுறாது. அவ்வொலிக்குப் பழகிய செவி சாக்சபோனுக்கு எவ்விடம் தருவது? இவ்வினா ஆராயத்தக்கது.

சாக்சபோன் பித்தளையால் ஆயது. ஆதலின் அதனை எக்காளத்தோடு ஓரினமாக எண்ணுவோர் பலர். எக்காளத்தில் ஊதுவோனின் இதழ்களே அதிர்கின்றன. சாக்சபோனிலோ ஊதுவாயிற் பொருத்திய நாணற் சீவாளி அதிர்கின்றது. எனவே மேலைநாட்டார் அதனை மரக்குழல் வரிசையில் வைத்தனர். தமிழர்க்கு இது வியப்பளிக்காது. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார், குழல் செய்தற்குரிய பொருள்களுள் மூங்கிலோடு வெண்கலத்தையும் கூறினார். எதனாற் செய்யினும் குழல் குழலே என்பது இதனாற் பெறப்படும்.

பெல்ஜிய நாட்டவரான அடோல்ஃப் சாக்ஸ், 1846இல் பாரிசில் இக்கருவிக்கு உரிமம் பெற்றார். கிளாரினெட்டின் ஒற்றைச் சீவாளியைக் கூம்புக் குழலோடு அவர் இணைத்தார். கிளாரினெட்டின் உட்குழல் பெரிதும் ஒரே அகலமுடையது. ஆதலின் மேலேறுகையில் ஒரு ஸ்தாயியைக் கடந்து பஞ்சமத்தில் நிற்கும். சாக்சபோன் நேரே மேல் ஷட்ஜத்தை அடையும். நாகசுரம் இரட்டைச் சீவாளி உடையதாயினும் அதுவும் கூம்புக் குழலே. அவ்வகையில் இவ்விரண்டும் உறவுடையன.

இவ்வுறவைச் செவிக்கு உணர்த்தியவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). தென்கன்னட மாவட்டத்து நாகசுரக் கலைஞர் ஒருவரின் மகனான அவர், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் இக்கருவியைக் கண்டு ஈடுபாடு கொண்டார். பின்னர்ச் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். 1994இல் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி. இசைவிழாவில் வாசித்தார். அவ்வாண்டு வெளிவந்த 'டூயட்' திரைப்படத்தில் ஒலித்ததும் அவரது சாக்சபோனே.

எனினும் புகழ்ச்சி வேறு; மதிப்பீடு வேறு. நாகசுரத்தின் ஏழு துளைகளையும் விரல் நேரே தொடுகின்றது. துளையைப் பாதி மூடியும் மெல்லத் திறந்தும் கமகத்தைப் பிறப்பிக்கலாம். சாக்சபோனில் விரலுக்கும் துளைக்கும் இடையே சாவியும் மூடியும் நிற்கின்றன. ஆதலின் அசைவின் பெரும்பகுதியை இதழும் மூச்சுமே தரவேண்டும். தோடியின் காந்தாரத்தை நாகசுரம் இயல்பாக அசைக்கும். சாக்சபோன் அரிதின் முயன்றே அசைக்கும். மறுதலையாக, கீழ் ஸ்தாயியின் கொழுமையும், நெடிய சுரத்தை மெல்லத் தேய்த்து அடக்கும் கனிவும் சாக்சபோனுக்குச் சிறப்பு. திறந்த வெளியில் ஊர்வலத்தை நடத்தும் வீறு நாகசுரத்துக்கு உரியது.

ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. எளிதிற் கிடைக்கின்றது எனக் கருதித் திருமண மண்டபத்தில் நாகசுரத்தை நீக்கிச் சாக்சபோனை அமர்த்துவது அறியாமை. கோபால்நாத்தின் செவியைப் பண்படுத்தியது தந்தையின் நாகசுரம் அன்றோ! நாகசுரம் பயில்வோர் அருகின், சாக்சபோனில் கமகம் தேடுவோர்க்கு வழிகாட்டும் ஒலியும் அருகும். புதியதை வரவேற்போர்க்குப் பழையதைப் புரக்கும் கடமையும் உண்டு.