மூன்றரை நிமிடத் தியாகராஜர்

ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரத்துக் குழு கிராஃப்ட்வெர்க். அவர்கள் 1974இல் வெளியிட்ட ‘ஆட்டோபான்’ எல்.பி.யில் தலைப்புப் பாட்டு ஒன்றே முதல் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. 22 நிமிடத்துக்கு மேல் ஓடும். நெடுஞ்சாலையில் கார் போகும் அனுபவத்தை மின்னணு ஒலிகளால் கட்டிய இசை அது. வானொலிக்காக அதையே மூன்றரை நிமிடமாக வெட்டிச் சிறு தட்டாகப் போட்டார்கள். அது அமெரிக்கா வரை விற்றது. குழுவின் ரால்ஃப் ஹூட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் எங்கோ மேடையில் வாசித்ததை யாரோ பிடித்துவைத்ததல்ல அது. ஒலிப்பதிவுக் கூடத்தில் தட்டுக்கென்றே பிறந்த படைப்பு. அதன் முதல் ஜெர்மன் அச்சைத் தேடி அலைகிறவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது; அவர் தேடுவது மூலப்பிரதியை.

நம்மூரில் இந்தத் தேடல் கர்நாடக இசையின் பழைய பிளேட்டுகள் பக்கம் திரும்பியிருக்கிறது. ஊசி வைத்துக் கேட்டால்தான் அசல், மற்றதெல்லாம் நகல் என்று அடித்துச் சொல்கிறார்கள் ரசிகர்கள். தியாகராஜரின் இசைக்கு இந்த அளவுகோல் பொருந்துமா? பாதிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

தியாகராஜர் ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் காவிரிக் கரையில் வித்வான்கள் வரிசையாக அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடி முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். நாட்டையில் தொடங்கி கௌளை, ஆரபி, வராளி வழியாக ஸ்ரீராகத்தில் வந்து நிற்கும் அந்த வரிசையில் ஒரே ஒரு கீர்த்தனைகூட பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காது. அந்தப் பக்கம் கொள்வது மூன்று நிமிடமும் கொஞ்சமும்தான். ஆலாபனை போயிற்று, நிரவல் போயிற்று, கற்பனை சுரம் போயிற்று. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று எலும்புக்கூடு மட்டும் நிற்கும். அதையும் ஓட்டமாகப் பாட வேண்டும். தோடியை மணிக்கணக்கில் வாசிக்கக்கூடிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டைக் கேட்டுக் கிறங்காதவர் இல்லை. ஆனால் நாம் கிறங்குவது சில நிமிடங்களுக்குள் அடக்கப்பட்ட ராஜரத்தினத்திடம்.

இந்த நெருக்கடி எல்லாரையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மின்னல் பிருகாவுக்குத் தட்டு தோதாக அமைந்தது. அவருடைய கல்யாணி ‘வாசுதேவயனி’ அதற்குச் சாட்சி. நிரவலுக்குப் பேர்போன முசிறி சுப்பிரமணிய ஐயருக்கோ அது சிறை. ஆனாலும் முசிறி பாடிய ‘நகுமோமு’ தட்டு ஊர் ஊராகப் பரவியது. அந்தக் கீர்த்தனையின் ஆபேரி முதலில் சுத்த தைவதத்தில் இருந்தது என்று இசை அறிஞர்கள் பலர் சொல்வார்கள். இன்று நாம் கேட்பது சதுஸ்ருதி தைவதம். அந்த மாற்றத்துக்கு முசிறியே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் மாறிய வடிவத்தை ஆயிரக்கணக்கான காதுகளில் உறைய வைத்ததில் தட்டுக்குப் பங்கு உண்டு. வாய்வழிப் பாடம் நாலு சீடரிடம் நாலு விதமாகத் திரியும். தட்டு எத்தனை முறை போட்டாலும் ஒரே விதமாகப் பாடும். அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

சேகரிப்பாளர்கள் அதிகம் பேசாத குறை ஒன்று உண்டு: வேகம். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பின்னாளில் நிலைத்த எண். தொடக்க காலத் தட்டுகள் 70க்கும் 80க்கும் இடையிலும், அதற்கு அப்பாலும் பதிவாயின. 74 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். நான்கு கட்டையில் பாடியவர் நாலரைக் கட்டைக்காரர் ஆவார்; காலப்பிரமாணமும் கூடும். “அந்தக் காலத்துச் சாரீரமே தனி” என்று நாம் மெய்சிலிர்ப்பதில் கொஞ்சம் மோட்டாரின் கைங்கரியம் இருக்கலாம். 1925க்கு முந்தைய பதிவுகளில் மைக் கிடையாது. பாடகர் ஒரு கூம்புக்குள் உரக்கப் பாடுவார். மிருதங்கம் தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோலக் கேட்கும். தம்புராவைத் தேட வேண்டும். இப்படிப்பட்ட ஒன்றை அசல் என்று பூஜிப்பது பக்தியாக இருக்கலாம், கேள்வி ஆகாது.

இத்தனைக்கும் பிறகு அந்தத் தட்டுகளை நான் ஏன் விட்டுக்கொடுக்க மாட்டேன்? முதல் காரணம் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

தியாகராஜர் 1847இல் சமாதியானார். பராமரிப்பில்லாமல் கிடந்த அவருடைய திருவையாற்றுச் சமாதியில் தன் சொத்தைச் செலவழித்துக் கோயில் எழுப்பி, 1920களில் குடமுழுக்கு நடத்தியவர் தேவதாசி மரபில் வந்த நாகரத்தினம்மாள். ஆராதனையில் ஆண்கள் பாட, பெண்களுக்கு இடமில்லாதிருந்தது. அவர் பெண்களுக்கென்று தனி விழாவே நடத்தினார்; 1940ஐ ஒட்டித்தான் தனித்தனியே ஆராதனை நடத்திவந்த எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின. கிராமபோன் கம்பெனிக்கு இந்தத் தயக்கம் எதுவும் இருக்கவில்லை. 1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தது முதல், அது தேடிப் போனது பெரும்பாலும் இத்தகைய பெண்களைத்தான். குலப் பெண்கள் குரலை விற்கத் தயங்கிய காலம். வித்வான்களுக்கு இயந்திரத்தின்மேல் சந்தேகம். கம்பெனிக்குச் சமூக சீர்திருத்த நோக்கம் எதுவும் கிடையாது, சரக்கு வேண்டியிருந்தது. ஆனாலும் விளைவு விளைவுதான். சன்னதியில் வாய் திறக்க இடம் கிடைக்காத பெண்களின் பாட்டு வீட்டுக் கூடத்தில் ஒலித்தது. நாகரத்தினம்மாளின் குரலும் அப்படித்தான் நமக்கு மிஞ்சியிருக்கிறது. பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பெயரைத் தானே சொல்லும் பழக்கம் அந்தத் தட்டுகளில் உண்டு. பதிவு ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய் அச்சாகும், அங்கிருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே. ஒரு தொழிற்சாலைத் தேவைக்காகச் சொன்ன அந்தப் பெயர்கள், பிற்பாடு இவர்களைப் பற்றிப் பேசக் கூசிய ஆண்டுகளையும் தாண்டி வந்துவிட்டன.

இரண்டாவது காரணம் கேள்வி ஞானம். வராளியைக் குரு நேரே சொல்லிக் கொடுத்தால் குருவுக்கும் சீடனுக்கும் பகை வரும் என்றொரு நம்பிக்கை உண்டு. பஞ்சரத்தினத்தில் ‘கனகனருசிரா’ மற்ற நான்கைவிடக் குறைவாகப் புழங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். யாரோ பாட ஓரமாக இருந்து கேட்டுக்கொள்வதே வழி. தட்டைப்போல் இதற்கு ஏற்ற வாத்தியார் உண்டா? பகைக்கவும் மாட்டார், சலிக்கவும் மாட்டார். வராளியை விடுங்கள். குருவின் திண்ணையில் ஏற முடியாத எத்தனையோ பேருக்கு முதல் பாடம் இங்கிருந்துதான். நாடக நடிகர் கிட்டப்பாவின் ‘எவரனி’ தட்டு சபா வாசலை மிதித்திராத நாடக ரசிகரிடம் தியாகராஜரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கல்யாணம், கோயில் திருவிழா என்றால் டெல்டா கிராமங்களில் ரேடியோ செட்காரர் தென்னை மரத்தில் குழாயைக் கட்டிவிடுவார். சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டில் தொடங்கி வயல் தாண்டி அடுத்த ஊர்வரை கேட்கும். நடவு நடுகிறவருக்கும் அதே பாட்டு, மிராசுதாருக்கும் அதே பாட்டு. ஒலித்தரம் படுமோசம்தான். ஆனால் அந்தக் குழாய்க்கு யார் கேட்கலாம், யார் கேட்கக்கூடாது என்று பிரிக்கத் தெரியாது.

எல்.பி. வந்தபோது நேரத் தொல்லை பெருமளவு தீர்ந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. தட்டுக்காகவே சிந்தித்த படைப்பும் நமக்கு வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ ஒலிப்பதிவுக் கூடத்தில் கட்டிய இசை. அதன் முதல் அச்சைத் தேடுவதில் கிராஃப்ட்வெர்க் ரசிகருக்குரிய அதே நியாயம் உண்டு. அரக்குத் தட்டைத் தேடுகிறவர் செய்வது வேறு வேலை. அவர் கையில் இருப்பது ஆவணம். ஆவணத்தைப் பூட்டி வைத்தால் பயனில்லை.

இங்கேதான் இன்றைய சேகரிப்பின்மேல் எனக்கு வருத்தம். 1985இல் சென்னையின் மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய தட்டுகளுக்குப் பேர்போன ஒரு சந்தையே போயிற்று. எஞ்சியவற்றை டெல்டாவின் ஈரமும் பூஞ்சையும் தின்கின்றன, வெயில் எல்.பி.யை வளைக்கிறது, அரக்குத் தட்டு கைதவறினால் இரண்டு துண்டு. இந்த நிலையில் ‘என்னிடம் மட்டுமே இருக்கிறது’ என்பது பெருமையே இல்லை. சிலர் தாராளமாகக் கோப்பாக்கி இணையத்தில் விடுகிறார்கள், நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எந்த வேகத்தில் ஓட்டினார்கள், அதில் எத்தனை கட்டை வந்தது, தட்டில் பொறித்த மேட்ரிக்ஸ் எண் என்ன என்ற விவரங்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளால் தேய்ப்பதில் மிருதங்கத்தின் கடைசி மிச்சமும் போய்விடுகிறது. கீறல் ஒலியோடு ஒரு பிரதி, துடைத்த பிரதி ஒன்று, அருகில் அந்த மூன்று விவரங்கள்: இவ்வளவு செய்தால் போதும், அடுத்த தலைமுறை ஆய்வாளர் அந்தக் குரலின் உண்மைச் சுருதியைத் தானே கணக்கிட்டுக்கொள்வார்.