துலக்கிய விளக்கு

தேனாம்பேட்டையில் எங்கள் குடியிருப்பின் முற்றத்தில், மழைக்காலம் நெருங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் கையில் வாட்டர் பேப்பரும் பற்பசைக் குழாயுமாக நாலைந்து பேர் தத்தம் கார்களின் முன்னால் குந்தியிருப்பதைச் சில ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். புரை விழுந்த கண்ணைப் போல் மஞ்சள் பாரித்து மங்கிக் கிடந்த ஹெட்லைட்டின் மூடி, அரைமணி நேரத் தேய்ப்பில் பளிச்சென்று தெளிந்துவிடுகிறது. பாதி தேய்த்த கோலத்தில் ஒன்றும் முழுதும் தேய்த்த கோலத்தில் ஒன்றுமாகப் படம் எடுத்துச் சுற்றத்தாருக்கு அனுப்பிவிட்டு, காரியம் பூர்த்தியாகிவிட்ட திருப்தியுடன் அவரவர் மாடி ஏறிவிடுகிறார்கள். சென்ற மாதம் குடியிருப்போர் கூட்டத்தில், நான் பெரிதும் மதிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இந்த வழக்கத்தை ஆதரித்து நெடுநேரம் பேசினார். பழுதான பொருளை வீசி எறியாமல் சீர்செய்து உபயோகிப்பது நம் முன்னோர் கைக்கொண்ட நெறி என்றும், பல ஆயிரம் ரூபாய்க்குப் புது விளக்கு வாங்குவோர் ஒரு பற்பசையின் விலையில் அதே பலனை அடையலாம் என்றும், மறுபடி மங்கினால் மறுபடி தேய்த்துக்கொண்டால் போயிற்று என்றும் அவர் சொன்னபோது பலத்த கைத்தட்டல் எழுந்தது. அந்தக் கைத்தட்டலுக்குரிய மறுமொழியாகவே இதை எழுதுகிறேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மங்கிய விளக்கை அப்படியே விட்டுவைப்பதைக் காட்டிலும் எந்த விதமான தேய்ப்பும் மேலானது. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2018-ல் நடத்திய சோதனையில், பழுத்து மங்கிய விளக்குகள் புதிய விளக்கின் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே தந்தன. சீர்செய்த பின், கடையில் செய்தாலும் வீட்டில் செய்தாலும், அது எழுபது சதவிகிதத்தை எட்டியது. இது அற்பமான ஆதாயம் அன்று. சொந்தக் கையால் ஒரு வேலையைச் செய்வதில் உள்ள மனநிறைவையும், குப்பையில் சேரவேண்டிய பிளாஸ்டிக் ஒன்று மேலும் சில காலம் பயன்படுவதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது.

அம்பாஸடர் காரின் வட்டமான கண்ணாடி விளக்கு எத்தனை கோடை கண்டாலும் மஞ்சளாகவில்லை. கல் பட்டு உடைந்திருக்கலாம், உள்ளே பிரதிபலிப்பான் துருப்பிடித்திருக்கலாம், ஆனால் மேல்முகம் தெளிவாகவே இருந்தது. 1953-ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெலும் அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டெடுத்த பாலிகார்பனேட், இலகுவாகவும் எளிதில் உடையாததாகவும் எந்த வளைவுக்கும் இணங்குவதாகவும் இருந்தபடியால், 1984-ஆம் ஆண்டு மாடலான லிங்கன் மார்க் ஏழு முதலாக அமெரிக்கக் கார்களிலும், பின்னர் இருங்காட்டுக்கோட்டையிலும் மறைமலைநகரிலும் உருவாகி நம் வீதிகளுக்கு வந்த கார்களிலும் கண்ணாடியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு பலவீனம் உண்டு: சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களை அது தாங்காது. அக்கதிர்களை உட்கொண்ட மூலக்கூறுகள் சிதைந்தும் ஆக்ஸிஜனோடு கூடியும் மஞ்சள் நிறச் சேர்மங்களாக மாறுகின்றன. மேற்பரப்பு நொறுங்கத் தொடங்குகிறது. தொழிற்சாலைக்காரர்கள் இதை ஆதியிலிருந்தே அறிந்திருந்ததால், புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறுத்தும் பொருள் கலந்த கடினமான பூச்சு ஒன்றை மூடியின்மேல் ஏற்றியே அனுப்புகிறார்கள். தலைமயிரின் தடிமனைவிடப் பன்மடங்கு மெல்லிய அந்தப் பூச்சுத்தான் விளக்கின் ஆயுள். சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சியில் நின்று காயும் சென்னையில், பழைய வீடுகளை இடித்து அடுக்ககங்கள் எழுப்பிய பிறகும் கார்களுக்கு நிழலிடம் போதாமல் தெருவோரத்திலேயே அவை நிற்க நேரும் தேனாம்பேட்டையில், அந்தப் பூச்சு வெகு சீக்கிரம் வெடித்து உரிந்துபோகிறது. ஒரே காரின் இரு விளக்குகளும் ஒருபோல மங்குவதில்லை என்பதைக் கவனித்தவர்கள், நாள்தோறும் பிற்பகல் வெயிலில் நின்ற பக்கம் எது என்பதைக் கேட்காமலே சொல்லிவிடலாம்.

ஆகவே, மஞ்சள் என்று நாம் காண்பது பூச்சு அழிந்ததன் விளைவு. பற்பசையில் பற்களுக்காகச் சேர்த்த சுண்ணத்தூளோ சிலிக்காத் தூளோ இருக்கிறது; அது இந்த மஞ்சளைச் சுரண்டி எடுக்கிறது, ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருந்த பழைய பூச்சின் மிச்சத்தையும் சேர்த்தே சுரண்டுகிறது. தேய்த்து முடித்த விளக்கு, பார்வைக்கு எவ்வளவு அழகாக இருப்பினும், தோல் உரித்த பழத்தைப் போன்றது. முன்பு அரைகுறைப் பாதுகாப்பாவது இருந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை. என் காரிலேயே இதைக் கண்டேன்: தை மாதத்தில் நானே தேய்த்துத் தெளிவாக்கிய விளக்கு, கத்திரி வெயில் கழிவதற்குள் பழுப்பேறத் தொடங்கி, புரட்டாசியில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. முதல் தடவை மங்குவதற்கு அதே விளக்கு எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

முன்னோர் நெறியைத் துணைக்கு அழைத்த நண்பருக்கு, அந்த முன்னோரின் அடுக்களையிலிருந்தே பதில் சொல்ல விரும்புகிறேன். பித்தளைப் பாத்திரங்கள் புழங்கிய நாளில், ஈயம் பூசுகிறவர் துருத்தியும் கரியுமாகத் தெருவில் வந்து உட்கார்ந்ததை என் தலைமுறையினர் மறந்திருக்க முடியாது. அவர் முதலில் பாத்திரத்தை மண்ணும் சாம்பலும் இட்டுத் துலக்குவார். பிறகு நெருப்பில் காய்ச்சி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கி உட்புறம் முழுதும் பஞ்சால் இழுத்துப் பூசுவார். துலக்கி முடித்தவுடனேயே அந்தப் பித்தளை பொன்போல மின்னும். அந்த மினுமினுப்பில் மயங்கி, 'போதும், கொடுங்கள்' என்று எந்த வீட்டுப் பெண்ணும் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனதில்லை. ஈயமற்ற பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறி நஞ்சாகும் என்பது எழுத்தறியாத பாட்டிக்கும் தெரிந்திருந்தது. துலக்குதல் பூச்சுக்கு இடம் செய்யும் முன்வேலை என்ற அறிவு நம் மரபிலேயே இருந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமைதோறும் நடப்பது அந்த மரபின் முற்பாதி மட்டுமே. அந்தப் பாதியை முழுமை என்று பெயரிட்டுப் பாராட்டுவதைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை.

இதில் இன்னும் ஆழமான ஒரு பிழை இருக்கிறது. அது பூச்சை மறப்பதோடு நிற்காமல், பூச்சு ஏறவே முடியாதபடி செய்துவிடுகிறது. மங்கிய விளக்கைக் கழுவும்போது, தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும் வரை அது தெளிவாகத் தோன்றி, உலர்ந்ததும் மறுபடி மங்குவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மேற்பரப்பின் நுண்ணிய கீறல்களில் காற்று இருக்கும்போது ஒளி சிதறுகிறது. ஒளியை வளைக்கும் தன்மையில் காற்றைவிடப் பிளாஸ்டிக்கோடு நெருங்கிய உறவுள்ள நீர் அவற்றை நிரப்பியதும் சிதறல் அடங்குகிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் ஒரு நாள் முழுதும் தெளிவாக இருக்கிறதே என்று வியப்பவர்கள் காண்பதும் இதையேதான். பூச்சும் அதே வேலையைச் செய்கிறது, ஆனால் நிரந்தரமாக. 800, 1000 எண் தாள்களில் தொடங்கி, பூச்சின் தன்மைக்கேற்ப 1500 அல்லது 2000 வரையில் நனைத்துத் தேய்த்து நிறுத்தினால், விளக்கு சாம்பல் படிந்த கண்ணாடி போல மங்கலாகத்தான் இருக்கும். அந்த மங்கலின்மேல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு விழுந்த கணத்திலேயே கீறல்கள் எல்லாம் மறைந்து, விளக்கு உள்வரை தெளிகிறது. கீறல்களே பூச்சுக்குப் பிடிமானம். அவற்றை ரப்பிங் காம்பவுண்டாலும் பற்பசையாலும் மெருகேற்றி அழித்துவிட்டால், பிறகு மனம் மாறிப் பூச்சு அடித்தாலும் அது பற்றிக்கொள்ளாமல் சில மாதங்களில் ஏடேடாக உரிகிறது. கையால் ஏற்றிய மெருகு, பூச்சு செய்திருக்கக்கூடிய வேலையைக் கண்ணுக்கு மட்டும் செய்து காட்டிவிட்டு, பூச்சு வரும் வழியையும் அடைத்துவிடுகிறது. பளபளப்பு வந்த இடத்தில் நிறுத்துவது ஏதோ ஒரு படியை விட்டுவிட்ட சோம்பல் என்று சிலர் கருதுகிறார்கள். என் அபிப்பிராயத்தில், வேலையின் நோக்கத்தையே தலைகீழாகப் புரிந்துகொண்டதன் பலன் அது.

'மறுபடி தேய்த்துக்கொண்டால் போயிற்று' என்ற வாதத்தையும் எடுத்துக்கொள்வோம். மூடியின் தடிமன் சில மில்லிமீட்டர் இருப்பதால், நாலைந்து தடவை தேய்ப்பதால் அது தேய்ந்து ஓட்டையாகிவிடாது என்பது உண்மையே. ஆனால் கைவிரலின் அழுத்தம் எங்கும் சமமாக விழுவதில்லை. ஒவ்வொரு முறையும் மேடு பள்ளங்கள் சற்றே கூடுகின்றன, மூலைகளில் மஞ்சள் தங்குகிறது. நடைமுறையில் நடப்பதைச் சொல்கிறேன்: எங்கள் முற்றத்தில் முதல் தடவை உற்சாகத்தோடு குந்தியவர்களில், இரண்டாம் தடவையும் குந்தியவர்கள் மிகச் சிலர், மூன்றாம் தடவை ஒருவரையும் நான் காணவில்லை. ஒருமுறை தேய்த்ததையே நினைவில் வைத்துக்கொண்டு, தம் விளக்கு இன்னும் தெளிவாகவே இருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். காலையில் எடுத்த படம் கைபேசியில் என்றும் பளபளப்பாகவே இருக்கிறது. விளக்கோ அதற்குள் மங்கிவிட்டது.

விளக்கைப் பகலில் பார்த்து மதிப்பிடும் இந்தப் பழக்கம் எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. ஹெட்லைட் பார்க்கப்படுவதற்காக அமைந்த பொருள் அன்று. அது இருட்டில் நமக்குப் பாதையைக் காட்டுவதற்கும், எதிரே வருகிறவரின் கண்ணைக் குத்தாமல் இருப்பதற்கும் அமைந்தது. ஐப்பசி கார்த்திகை மழையில், மேம்பாலப் பணிக்காகத் தகரத் தடுப்புகள் அடைத்த மவுண்ட் ரோட்டின் தேனாம்பேட்டைப் பகுதியில் இரவு எட்டு மணிக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு, கறுப்புக் குடை பிடித்துக் கறுப்பு மழைக்கோட்டு அணிந்து குறுக்கே வருகிற ஒருவரைப் பத்தடி முன்னதாகக் காண்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது தெரியும். அமெரிக்கச் சோதனையிலும், சீர்செய்த விளக்குகள் சட்டம் அனுமதிப்பதைவிட அதிகமாகக் கண்கூசச் செய்தன என்ற குறிப்பு இருக்கிறது. சிதறும் ஒளி மேலெழும்பி, எதிர்த்திசையில் மழை நீர் வழியும் ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் தடுமாறிக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள்காரரின் கண்ணில் விழுகிறது. முற்றத்தில் படம் எடுக்கும் எவரும், அன்று இரவே கீழ்த்தளத்துச் சுவரின் எதிரே வண்டியை நிறுத்தி, தாழ்ந்த ஒளியின் விளிம்பு கோடு கிழித்தாற்போல் விழுகிறதா, பால்போலக் கலங்கிப் பரவுகிறதா என்று பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை. இரண்டு நிமிஷ வேலை அது.

பூச்சு அடிப்பது எளிதென்று நான் சொல்ல வரவில்லை. கெட்டியாக்கும் திரவம் கலந்த இருபகுதி கிளியர் கோட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானதால், மூடிய கார் நிறுத்துமிடத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கத்தக்கதன்று. தின்னர் தொட்டுத் துடைத்தால் பாலிகார்பனேட் மயிரிழையாக வெடிக்கும். கொசு விரட்டித் திரவங்கள் சிலவற்றில் உள்ள டீட்டைத் தடவிப் பளபளப்பு வரவழைக்கும் தந்திரமும் பிளாஸ்டிக்கைக் கரைத்தே அதைச் சாதிக்கிறது. மூடியின் உட்புறம் மங்கியோ, பிரதிபலிப்பான் கருகியோ இருந்தால் வெளியே எதைச் செய்தும் பிரயோஜனமில்லை. துடைத்துவிட்டாலே ஏறும்படியான எளிய பூச்சுகள் சில நூறு ரூபாய்க்கு ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கின்றன. அவை ஓரிரு ஆண்டுகள் நின்றாலும், பற்பசையால் ஒருபோதும் தர முடியாத ஆயுள் அது. அதுவும் வேண்டாமென்றால், தேய்த்துவிட்டு நேரே பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்கு ஓட்டிப்போய், மெருகேற்றாத அந்த மங்கல் முகத்தோடேயே ஒப்படைக்கலாம்.

சென்ற ஞாயிறு, எங்கள் இரண்டாம் மாடிப் பையன் ஒருவன் அப்படித்தான் செய்தான். அவன் தேய்த்து நிறுத்தியபோது விளக்கு வெளிறிச் சாம்பலாக இருந்தது. பக்கத்துக் கார்க்காரர் பற்பசையை நீட்டி, 'இன்னும் பளபளப்பே வரலையே தம்பி' என்றார். அவன் சிரித்துவிட்டு, ஈரம் போகத் துடைத்து, வெயில் படாத ஓரமாக வண்டியை நகர்த்தி, பூச்சுத் துணியை ஒரே திசையில் ஒருமுறை இழுத்தான். துணி சென்ற வழியெல்லாம் விளக்கு திறந்துகொண்டு வந்தது. மாலை வரை யாரும் தொடக்கூடாதென்று கயிறு கட்டிவிட்டுப் போனான்.